கடலுக்கு முதுகு காட்டிய காவல்காரர்

நடுக்கடலில், வெயில் தோலை உரிக்கும் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவின் வெள்ளை மணல் கரையில் உறுமன் என்று ஒரு கடல் சிங்கம் இருந்தார். ஆள் பெரிய ஆள். படுத்திருந்தால் யாரோ படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

சிங்கம் என்றதும் பயந்துவிடாதீர்கள். பெயரில்தான் சிங்கம். காலுக்குப் பதில் துடுப்பு, மூஞ்சியில் நாலு மீசை மயிர், பக்கத்தில் போனால் குப்பென்று மீன் கவிச்சி. பகலெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து தூங்கும். தூக்கத்திலேயே ஏப்பம் விடும். இவ்வளவு சோம்பேறித்தனத்தை வேறு யாராவது செய்தால் நமக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் சிங்கம் செய்தால் மட்டும் என்னவோ சிரிப்புதான் வருகிறது.

ஆனால் தூங்குமூஞ்சிகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் தாய்கள் எல்லாம் மீன் பிடிக்கத் தூரக் கடலுக்குப் போய்விடும். பால் குடிக்கிற குட்டிகள் ஆழமில்லாத தண்ணீரில் விளையாடிக்கொண்டு இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆண் கடல் சிங்கம் கரையிலேயே இருக்கும். அதற்குக் கரைக்காரர் என்று பேர். ஆழத்துப் பக்கம் போகிற குட்டியை மூக்கால் தள்ளித் திருப்பி விடுவது கரைக்காரர் வேலை. சுறா வந்தால் முதலில் சத்தம் போடுவதும் அவர் வேலை.

கரைக்காரர் கரையை விட்டு நகரக் கூடாது. நகராவிட்டால் மீன் ஏது? அதனால் கரைக்காரர் மெலிந்து போனதும், பக்கத்துப் பாறையில் இருக்கும் இளவட்டம் ஒருவனிடம் கரையை ஒப்படைத்துவிட்டு, கடலுக்குப் போய் வயிறு நிறையத் தின்று தேறி வருவார். அந்தக் கரையில் எல்லாரும் அப்படித்தான் செய்து வந்தார்கள்.

உறுமன் கரைக்காரராக இருந்தபோதுதான் அந்தப் படகு வந்தது.

படகிலிருந்து இரண்டுகால்காரர்கள் இறங்கினார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா. அவர்களைக் கூட்டி வந்தவர் மஞ்சள் தொப்பி போட்டிருந்தார். "கிட்டப் போகாதீங்க. தொடாதீங்க. இங்கேயே மணல்ல உக்காந்து பாருங்க. இது அவங்க வீடு" என்றார். அவர்களும் சமர்த்தாக உட்கார்ந்தார்கள். பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், "அம்மா, அந்தக் குட்டி தும்முதும்மா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

உறுமனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் கண்டால் சிலருக்குக் கோபம் வரும். அவருக்கும் வந்தது.

"ஒவ்! ஒவ்! ஒவ்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். முன் துடுப்பை ஊன்றி, கழுத்தை வானத்துக்குத் தூக்கி, பொழுது சாயும் வரைக்கும் கத்தினார். பொழுது சாய்ந்ததும் மஞ்சள் தொப்பிக்காரர் ஒரு விசில் ஊதினார். எல்லாரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து படகில் ஏறிப் போய்விட்டார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உறுமனுக்கு அது தெரியுமா?

"பார்த்தீங்களா! என் சத்தத்துக்குப் பயந்து ஓடிட்டாங்க" என்று கரை முழுவதும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். கடல் சிங்கம் நடப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது.

மறுநாளும் படகு வந்தது. உறுமனும் கத்தினார். மாலையில் விசில் சத்தம் கேட்டது, அவர்கள் போனார்கள். அதற்கு மறுநாளும் இதே கூத்துதான். ஒரு நாளாவது அவர் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். இருக்க வேண்டுமே!

"கரையைப் பிடிக்கத்தான் வர்றாங்க. நான் ஒருத்தன் இல்லேன்னா இந்நேரம் பிடிச்சிருப்பாங்க" என்றார் உறுமன்.

அதன் பிறகு தண்ணீர் ஓரத்தில் நீந்திக் காவல் காப்பதை விட்டுவிட்டார். மணலின் உச்சியில் ஏறி, படகுக்காரர்கள் உட்காரும் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். கடல் அவருக்குப் பின்னால் இருந்தது. அதாவது, குட்டிகளும் அவருக்குப் பின்னால் இருந்தன.

அவருடைய மனைவி பவளாயி. அந்தக் கரையில் மீன் பிடிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பேச்சு குறைவு, பாசம் அதிகம். அவர்களுக்கு ஒரே மகள். பெயர் குண்டுமணி. கறுகறுவென்று இரண்டு கண், உருண்டை உடம்பு, தும்மல் தீராத மூக்கு. பச்சைப் பாவாடைக்காரி பார்த்துச் சிரித்தது இவளைத்தான்.

ஒரு நாள் பவளாயி கணவனின் விலாவைப் பார்த்தாள். எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

"என்னங்க, உடம்பைப் பாருங்க. தோல் தொங்குது. பாறையில கரும்பன் சும்மாதானே இருக்கான்? அவன்கிட்ட கரையை விட்டுட்டுப் போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றாள்.

"கரும்பனா? அவனுக்குக் கத்தத் தெரியுமா? இவங்களை யாரு விரட்டுறது?"

"விரட்டி என்ன ஆகப் போகுது? நம்ம குட்டிங்களை அவங்க தொட்டாங்களா? ஒரு மீனைத் தொட்டாங்களா?"

"தொடாம இருக்குறது யாராலே? என்னாலே!"

செவிடன் காதில் ஊதிய சங்கு. பேசி என்ன பிரயோசனம்?

கரும்பன் நல்ல பையன். திடகாத்திரமானவன். அவனே ஒரு நாள் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். "மாமா, நான் கொஞ்ச நாள் பார்த்துக்கிறேன். நீங்க போய்..." என்று ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை உறுமன். பாய்ந்து அவன் தோளில் ஒரு கடி வைத்தார். "என் கரைக்கே கண்ணு வைக்கிறியாடா? இனி என் கண்ணு முன்னாடி வராதே" என்றார். கரும்பன் தோளை நக்கிக்கொண்டு பாறைக்கே திரும்பிப் போனான். மெலிந்தவரைத் திருப்பிக் கடிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பாறை இடுக்கில் ஒரு நண்டு இருந்தான். உடம்பெல்லாம் சிவப்பு. அதனால் அவனை எல்லாரும் மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நாக்கும் அந்தக் காரம்தான். படகு கட்டும் இடத்தில் ஒளிந்திருந்து, படகுக்காரர்கள் பேசுவதை எல்லாம் கேட்பது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றான் மிளகாய்.

"சொல்லு."

"அவங்க சாயங்காலம் போறது இருட்டுறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்னுதான். விசில் ஊதுனா படகுக்கு நேரமாச்சுன்னு அர்த்தம். உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"போடா."

"இன்னும் கேளுங்க. நேத்து அந்த மஞ்சள் தொப்பி என்ன சொன்னாரு தெரியுமா? 'அதோ அந்தப் பெரியவரைப் பாருங்க, எப்படி அழகாக் கத்துறாரு. இவரு இருக்குறதாலதான் இந்தக் கரைக்கு இவ்வளவு பேர் வர்றாங்க'ன்னாரு. நீங்க விரட்டல அண்ணே. நீங்கதான் வரவழைக்கிறீங்க."

உறுமன் துடுப்பை ஓங்கி மணலில் அடித்தார். மிளகாய் பக்கவாட்டில் ஓடி இடுக்கில் புகுந்துகொண்டான். உண்மையைச் சொல்கிறவனுக்கு ஒளிய ஓர் இடம் எப்போதும் வேண்டும்.

நாட்கள் போயின. உறுமன் இன்னும் மெலிந்தார். கத்தும்போது குரல் உடைந்தது. முன் துடுப்பு நடுங்கியது. ஆனாலும் விடவில்லை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த மனுஷன் தனக்காகவா பட்டினி கிடந்தார்? வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி, தன் குட்டிக்காகத்தான் கிடந்தார். தப்பு அவர் பாசத்தில் இல்லை, பார்வையில்தான்.

ஒரு நாள் விடியற்காலையில் பவளாயி கடலுக்குக் கிளம்பினாள். போகிறவள் நின்று திரும்பினாள்.

"தண்ணி இன்னிக்குக் கலங்கலா இருக்கு. மீன் எல்லாம் கரைப் பக்கம் ஒதுங்குது. மீன் பின்னாடி சுறா வரும். பிள்ளையைப் பார்த்துக்கங்க."

"நான் இருக்கேன்ல" என்றார் உறுமன்.

அவள் குண்டுமணியின் மூக்கோடு மூக்கு வைத்து ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் போனாள்.

வெயில் ஏறியது. படகு வந்தது. படகுக்காரர்கள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். பச்சைப் பாவாடைக்காரியும் அன்றைக்கு மறுபடி வந்திருந்தாள். உறுமனும் வழக்கமான இடத்தில் நின்று, வழக்கம்போலக் கத்த ஆரம்பித்தார்.

அவருக்குப் பின்னால் குட்டிகள் அலையில் சறுக்கி விளையாடின. ஓர் அலை வந்தால் ஏறுவது, அது உடையும்போது உருண்டு கரைக்கு வருவது, மறுபடி ஓடுவது. குண்டுமணிக்கு இன்னும் பெரிய அலை வேண்டுமாம். கொஞ்சம் தள்ளிப் போனாள். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனாள். மூக்கால் தள்ளித் திருப்பி விட யாரும் இல்லை.

அப்போது தண்ணீருக்கு மேலே ஒரு செட்டை தெரிந்தது.

முதலில் பார்த்தது பச்சைப் பாவாடைக்காரி. "சுறா!" என்று எழுந்து நின்றாள். அடுத்த நொடி எல்லாரும் எழுந்தார்கள். கேமராவைக் கீழே போட்டார்கள். கையை நீட்டினார்கள், கத்தினார்கள். மஞ்சள் தொப்பிக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றி வீசி வீசிக் காட்டினார்.

உறுமன் என்ன நினைத்தார் தெரியுமா? இத்தனை நாள் பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் இன்றைக்குத் துணிந்துவிட்டார்கள், சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்தார். "வாங்கடா, ஒரு கை பார்த்துடலாம்" என்று முன்னால் நகர்ந்தார். கடலுக்கும் அவருக்கும் நடுவே இன்னும் தூரம் கூடியது.

மிளகாய் பாறை இடுக்கிலிருந்து வெளியே ஓடி வந்தான். உறுமனின் துடுப்புக்கு அடியில், மிதிபடும் தூரத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, அவங்க கண்ணைப் பாருங்க. அவங்க உங்களைப் பார்க்கல. உங்களுக்குப் பின்னாடி பார்க்கிறாங்க!"

உறுமன் அவர்கள் கண்களைப் பார்த்தார். உண்மைதான். ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. அந்தச் சின்னப் பெண் அழுதுகொண்டு இருந்தாள். சண்டைக்கு வருகிறவள் ஏன் அழுகிறாள்? உறுமன் மெல்லத் திரும்பினார்.

செட்டையைப் பார்த்தார். செட்டைக்கு முன்னால், கரையைப் பார்த்து நீந்தத் தெரியாமல் தடுமாறும் ஓர் உருண்டைத் தலையைப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை. கத்த நேரமில்லை. மணலில் விழுந்து, புரண்டு, சறுக்கிக் கடலில் பாய்ந்தார். குட்டிகள் எல்லாம் அலறிக்கொண்டு எதிரே வந்தன. "கரைக்குப் போங்க, ஓடுங்க" என்று ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டுக்கொண்டே போனார்.

பழைய உறுமனாக இருந்தால் நாலு வீச்சில் போய்ச் சேர்ந்திருப்பார். இது பட்டினி கிடந்த உறுமன். துடுப்பை வீசினால் தண்ணீர் தள்ளவில்லை. அவர் போய்ச் சேர்வதற்குள் சுறா போய்ச் சேர்ந்துவிட்டது. குண்டுமணி "அப்பா" என்று ஒரு சத்தம் போட்டாள். தண்ணீர் சிவந்தது.

உறுமன் சுறாவின் செவுளில் பாய்ந்து கடித்தார். சுறா வாயைத் திறந்தது, குட்டி விலகியது. ஆனால் கடித்த பிடியை வைத்திருக்க அவருக்குத் தெம்பு இல்லை. தாடை நழுவியது. சுறா ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. தனியாக முடியாது என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது? தோளில் கடித்து விரட்டியவனையா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

மகள் பக்கத்தில் மிதந்துகொண்டு இருந்தாள். முகமாவது, மானமாவது!

"டேய் கரும்பா! வாடா! என்னால முடியலடா!"

கரும்பன் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டான். கூப்பிட்ட பிறகு வருவதற்கு அவன் என்ன விருந்தாளியா? அவன் பின்னால் பாறையில் இருந்த இளவட்டங்கள் எல்லாரும் வந்தார்கள். மொத்தமாகச் சுறாவைச் சூழ்ந்துகொண்டு வாலைக் கடித்தார்கள், வயிற்றில் முட்டினார்கள். சுறாவுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஒரு புரளு புரண்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

இதற்குள் குட்டிகள் எல்லாம் கரையேறிப் பயத்தில் கண்மண் தெரியாமல் ஓடின. ஓடியது எங்கே? நேராகப் படகுக்காரர்கள் நடுவில்! உறுமன் தண்ணீரிலிருந்து அதைப் பார்த்தார். அவருக்கு உயிரே போய்விட்டது.

படகுக்காரர்கள் என்ன செய்தார்கள்? "யாரும் தொடாதீங்க. மெதுவா வழி விடுங்க" என்றார் மஞ்சள் தொப்பிக்காரர். எல்லாரும் பின்னாலேயே அடி எடுத்து வைத்து நகர்ந்தார்கள். ஒரு குட்டி பச்சைப் பாவாடைக்காரியின் காலடியிலேயே வந்து சுருண்டு படுத்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றாள். தொட வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! தொடவில்லை.

உறுமன் குண்டுமணியை மூக்கால் தள்ளித் தள்ளிக் கரை சேர்த்தார். அவளுடைய பின் துடுப்பின் நுனியில் ஒரு துண்டு இல்லை. உயிர் இருந்தது. வலியில் முனகினாள், ஒரு தும்மல் போட்டாள். உறுமன் அவள் பக்கத்திலேயே தலையை மணலில் வைத்துப் படுத்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் பவளாயி வந்தாள். அலைக்கு வெளியே நின்று, தாய்கள் கூப்பிடுகிற மாதிரி நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் முடிவதற்குள் குண்டுமணி பதில் கொடுத்துவிடுவாள். இன்று பதில் இல்லை. பவளாயி இன்னொரு குரல் கொடுத்தாள். அந்தக் குரல் நடுங்கியது.

"ம்மா..." என்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது.

பவளாயி எப்படி ஏறி வந்தாள் என்று தெரியாது. வந்தவள் மகளை மூக்கிலிருந்து வால் வரை மோந்து பார்த்தாள். துடுப்பில் வந்ததும் நின்றாள். மறுபடி மோந்து பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

உறுமன் சாக்குச் சொல்லவில்லை. "தண்ணி கலங்கலா இருந்திச்சு" என்று சொல்லியிருக்கலாம். "நான்தான் காப்பாத்தினேன்" என்றும் சொல்லியிருக்கலாம், அதிலும் பொய் இல்லை.

"நான் தப்பான பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தேன், பவளாயி" என்றார்.

அவள் குட்டிக்குப் பால் கொடுத்தாள். குட்டி குடிக்க ஆரம்பித்த பிறகு, கணவனின் விலாவில் மூக்கை வைத்தாள்.

"போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

அவர் கரும்பனிடம் போனார். அவன் தோளில் பழைய கடியின் தழும்பு இருந்தது. அதை ஒரு தடவை நக்கிவிட்டார். "தம்பி, கரை உன்னது. முகத்தைக் கடல் பக்கம் வச்சுக்க" என்றார்.

"நீங்க தேறி வாங்க மாமா" என்றான் கரும்பன்.

உறுமன் கடலில் இறங்கினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முதல் மீனைப் பிடித்தார். கிழட்டு மத்தி ஒன்று. அந்த ருசியில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிடித்துப் பிடித்துத் தின்றார்.

பல நாள் அப்படியே கடலில் திரிந்தார். ஒரு சாயங்காலம் வயிறு நிறைந்து மல்லாந்து மிதந்துகொண்டிருந்தபோது, கரையிலிருந்து ஊருக்குத் திரும்பும் படகு அவர் பக்கமாக வந்தது. கரும்பன் ஒரு நாளும் அவர்களைப் பார்த்துக் கத்தியது கிடையாது. அப்படியும் அவர்கள் நேரத்துக்குக் கிளம்பிப் போய்க்கொண்டு இருந்தார்கள். படகின் ஓரத்தில் ஒரு கிழவர் அவரைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், எவ்வளவு சாதுவான பிராணி" என்றார்.

உறுமன் வெட்கத்தில் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டார். முங்கியவர் ஊருக்குப் போகும் படகைத் தாண்டி, மகள் இருக்கும் கரையைப் பார்த்து நீந்தினார்.

யாரிடமிருந்து காக்கிறோம் என்று தெரியாமல் காவல் நிற்பவன், எவ்வளவு பாசத்தோடு நின்றாலும், தான் காக்க வேண்டியவர்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டு நிற்பான்.